இரண்டுங்கெட்டான் ரிப்போர்ட்டும் காய்ச்சலின் முதல் நாளும்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வயது 61, இன்னமும் வயல் வேலைக்குப் போகிறவர். தீபாவளிக்கு மறுநாள் குளிரோடு காய்ச்சல் வந்திருக்கிறது. நான்காம் நாள் பக்கத்து ஊர் லேபில் டெங்குவுக்கான கார்டு டெஸ்ட் (கோடு விழுவதை வைத்துப் பார்க்கும் உடனடிப் பரிசோதனை) எடுத்ததில் என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் கோடு ‘லேசாக’, ஐஜிஜி பாசிட்டிவ், தட்டணுக்கள் (பிளேட்லெட்) இறங்கி 92,000. ஏழாம் நாள் டவுனில் தனியார் ஆய்வகம் ஒன்றில் எலிசா முறையில் (அளவை எண்ணாகக் காட்டும் ஆய்வகப் பரிசோதனை) பார்த்தபோது ஐஜிஎம் 10.4 என்று போட்டு, பாசிட்டிவும் இல்லை நெகட்டிவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் தேதியிட்ட அரசு மருத்துவமனை ரிப்போர்ட்டில் அதே ஐஜிஎம் நெகட்டிவ். நடுவில் ஆறாம் நாள் ஒரு டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருக்கிறார்; எட்டாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இதற்கிடையே தீபாவளிக்கு முதல் நாள் திருப்பூரிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்கிய உங்கள் அண்ணன் மகனுக்கு என்எஸ்1 பாசிட்டிவ். பிறகு தெருவில் முகாம் போட்டு 20 பேரிடம் ரத்தம் எடுத்ததில், காய்ச்சலே வராத மூன்று பேருக்கு ஐஜிஎம் பாசிட்டிவ். ‘மூன்று லேபில் எது பொய் சொல்கிறது?’ என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு வந்தது டெங்குதானா, காய்ச்சல் விட்டுப் பதினைந்து நாள் ஆன பிறகும் பயப்பட வேண்டுமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் இந்த எலிசா தட்டுகளோடு குப்பை கொட்டியிருக்கிறேன். கட்டிலருகே நின்று நோயாளியைப் பார்க்கும் மருத்துவன் இல்லை. உங்கள் அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தவருக்குத் தெரிந்த பல விஷயங்கள் எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய பத்து வரிதான் என் கையில் இருக்கிறது. ஆகவே நோய் இன்னதென்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று தாள்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடியும். முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: மூன்று ஆய்வகமும் உண்மையையே சொல்லியிருக்கலாம்.

வைரஸ் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை எதுவானாலும், காய்ச்சல் தொடங்கிய நாள் தெரியாவிட்டால் அதன் விடை பாதி விடைதான். டெங்குவில் என்எஸ்1 என்பது வைரஸே உண்டாக்கி ரத்தத்தில் விடும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே தென்படும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தேய ஆரம்பித்து ஒரு வாரம் தாண்டினால் பெரும்பாலும் காணாமல் போகும். ஐஜிஎம் நம் உடம்பு வைரஸுக்கு எதிராகச் செய்யும் ஆன்டிபாடி. அது மூன்று முதல் ஐந்து நாளுக்குப் பிறகுதான் தலை காட்டும், இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் தங்கும். ஐஜிஜியும் ஆன்டிபாடிதான், ஆனால் பழைய பற்று. ஒரு முறை டெங்கு வந்துபோனால் ஆயுள் முழுக்க ஏதோ ஓர் அளவில் ரத்தத்தில் இருக்கும். இதனால்தான் ஐந்து நாள் வரைக்கும் என்எஸ்1, அதற்குப் பிறகு ஐஜிஎம் என்று அரசின் வழிகாட்டுதல் பிரித்து வைத்திருக்கிறது. ஐந்தாம் நாளை ஒட்டிய இரண்டு மூன்று நாள் ஓர் இடைவெளி. என்எஸ்1 இறங்கிக்கொண்டிருக்கும், ஐஜிஎம் இன்னும் ஏறி முடிந்திருக்காது. உங்கள் அம்மாவின் முதல் இரண்டு பரிசோதனைகளும் அந்த இடைவெளியை ஒட்டியே விழுந்திருக்கின்றன.

அதுவும் உங்கள் நாள் கணக்குச் சரியாக இருந்தால். கிராமத்திலிருந்து வரும் ரத்தக் குழாய்களோடு ஒரு படிவம் வரும். அதில் காய்ச்சல் தொடங்கிய தேதி என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு மழைக்காலத்தில் ஒரே நாளில் வந்த படிவங்களை அடுக்கி வைத்துப் பார்த்தேன். பாதியில் அந்தக் கட்டம் காலி. மீதிப் பாதியில் எல்லாருக்கும் ‘மூன்று நாள்’. ஒரு வட்டாரமே சொல்லி வைத்தாற்போல ஒரே நாளில் காய்ச்சலில் விழுந்துவிடுமா? யாரோ வரிசையில் நின்ற களைப்பில் கேட்க, யாரோ அதே களைப்பில் சொன்ன பதில் அது. நேரம் கிடைத்தபோது நானே வார்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்?’ என்று கேட்டால் மூன்று நாள். ‘போன சந்தைக்குப் போனீர்களா, அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது?’ என்று கேட்டால் வேறு பதில் வரும். ஒரு பாட்டி ரேஷன் அரிசி வாங்கி வந்த அன்றே நடுங்கிப் படுத்தவர். எண்ணிப் பார்த்தால் எட்டு நாள். அவருக்கு என்எஸ்1 மட்டும் எடுத்து, நெகட்டிவ் என்று சொல்லி, டெங்கு இல்லை என்று அனுப்ப இருந்தார்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் தீபாவளி என்ற குறி இருப்பது நல்லதுதான். ஆனால் அது அவர் படுக்கையில் விழுந்த நாளா, உடம்பு வலியும் கணகணப்பும் தொடங்கிய நாளா? பலகாரம் சுடுகிற வேலையில் இருக்கும் பெண்கள் இரண்டு நாள் காய்ச்சலை வெளியே சொல்வதில்லை. முதல் நாள் இரண்டு நாள் முன்னால் தள்ளிப்போனால், நான்காம் நாள் பரிசோதனை ஆறாம் நாள் பரிசோதனையாகிவிடும். அப்போது என்எஸ்1 நெகட்டிவ் என்பதற்கு இருக்கும் மதிப்பும் குறைந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

நாள் கணக்குச் சரியே என்று வைத்துக்கொண்டாலும், நான்காம் நாள் என்எஸ்1 நெகட்டிவ் வந்ததால் டெங்குவை ஒதுக்கிவிட முடியாது. நம் பக்கத்து ஆட்களில் பலருக்கு டெங்கு முன்பே ஒரு முறை வந்துபோயிருக்கும், தெரிந்தோ தெரியாமலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017, 2018 ஆண்டுகளில் 15 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்து ஐஜிஜி பார்த்தது. 5 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்களில் நாடு முழுவதற்கும் 48.7 சதவீதம் பேருக்குப் பழைய டெங்குவின் தடம் இருந்தது. தென் மாநிலங்களில் மட்டும் பார்த்தால் 76.9 சதவீதம். நகரத்தைவிடக் கிராமத்தில் குறைவு என்பதும் அதே ஆய்வில் உண்டு: 70.9க்கு 42.3. உங்கள் அம்மா அந்த வயது வரம்புக்கு மேற்பட்டவர். ஆனால் வயது கூடக் கூடத் தடமும் கூடுவதை அந்த ஆய்வே காட்டுகிறது. இப்படி ஏற்கெனவே ஐஜிஜி இருப்பவருக்கு டெங்கு இரண்டாம் முறை வரும்போது, அந்தப் பழைய ஆன்டிபாடிகள் என்எஸ்1 புரதத்தைப் பற்றிக்கொண்டு கட்டிவிடும். பரிசோதனை அதைப் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். ஐஜிஎம்மும் இரண்டாம் முறையில் மந்தமாகவே எழும், சிலருக்கு எழாமலே போகும்; எகிறுவது ஐஜிஜிதான். ஆகவே ‘என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் லேசு, ஐஜிஜி பாசிட்டிவ்’ என்ற கார்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, இது இரண்டாம் முறை டெங்கு. இன்னொன்று, பழைய டெங்குவின் ஐஜிஜி அது பாட்டுக்கு இருக்கிறது, இப்போதைய காய்ச்சல் வேறு எதுவோ. கார்டை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஐஜிஜி எவ்வளவு என்று எண்ணாகத் தெரிந்தால் கொஞ்சம் பிரிக்கலாம். கார்டு எண் சொல்லாது, கோடு மட்டும்தான் போடும்.

அந்த ‘லேசான கோடு’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்டைப் பதினைந்து, இருபது நிமிடத்தில் படிக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். கூட்டமான லேபில் அதை அரை மணி கழித்துப் பார்ப்பார்கள். நேரம் கடந்தால் சில கார்டுகளில் இல்லாத கோடு எழும்பும். வெயிலில் கிடந்த கார்டு, ஈரம் பட்ட கார்டு என்று வேறு தொந்தரவுகளும் உண்டு. டெங்குவை உறுதி செய்ய ரேபிட் கார்டை ஏற்பதில்லை, எலிசாதான் வேண்டும் என்று அரசு சொல்வது இதனால்தான். அந்த லேப் நடத்துகிறவரைக் குறை சொல்லவில்லை. இரவு ஏழு மணிக்கு ஒரு கிராமத்தில் கிடைக்கக்கூடியது அதுதான்.

அடுத்தது 10.4. பரவலாகப் பயன்படும் ஓர் எலிசா கிட்டில் (பரிசோதனைப் பொருள்கள் அடங்கிய பெட்டி) 9க்குக் கீழே நெகட்டிவ், 11க்கு மேலே பாசிட்டிவ், நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான். உங்கள் ரிப்போர்ட் அந்த வகையாகத்தான் தெரிகிறது. இந்த நடு வரம்பு ஏன் இருக்கிறது என்றால், ஒரே ரத்தத்தை இன்றும் நாளையும் ஓட்டினால் விடை அப்படியே திரும்பி வராது. துளி அளக்கும் பிப்பெட்டில் ஒரு துளி கூடக் குறைய ஏறும், அறையின் சூடு மாறும், தட்டைக் கழுவும் இயந்திரத்தின் ஒரு குழாய் அடைத்துக்கொள்ளும். 10.4 வந்த ரத்தம் மறுநாள் 9.2 காட்டினாலும் 11.3 காட்டினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த ஆய்வகம் அதைத் தள்ளிவிட்டு பாசிட்டிவ் என்று அடித்திருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, நோயாளியின் வீட்டாருக்கும் ஒரு விடை வேண்டுமே. தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தவர் தன் தொழிலை ஒழுங்காகச் செய்திருக்கிறார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரு கிட்டின் எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அரசு ஆய்வகங்களுக்குப் பெரும்பாலும் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கும் ஐஜிஎம் கிட் வரும். தனியாரிடம் வேறு கம்பெனியின் கிட் இருக்கும். கோடு கிழிக்கும் இடமே இரண்டிலும் வேறு. படியால் அளந்ததையும் மரக்காலால் அளந்ததையும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எது அதிகம் என்று கேட்பது போன்றது அது.

இப்போது மூன்றாவது தாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். ‘ஒன்பதாம் நாள் அரசு மருத்துவமனை ரிப்போர்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் நாள் என்பது ரத்தம் எடுத்த தேதியா, ரிப்போர்ட் அடித்த தேதியா? எலிசா தட்டில் 96 குழிகள் இருக்கும். நான்கு ரத்தத்துக்காக ஒரு தட்டைப் பிரித்தால் கிட் சீக்கிரம் தீர்ந்துபோகும். மறு கிட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கூட்டம் குறைவான நாட்களில் ரத்தங்களைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் ஓட்டுவார்கள். கிராமத்தில் செவிலியர் எடுக்கும் ரத்தம் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஐஸ் பெட்டியில் வண்டி ஏறி மாவட்ட ஆய்வகத்துக்குப் போகும். வழியில் ஓரிரு நாள் போய்விடும். பயணத்தால் ஐஜிஎம் கெட்டுப்போய் நெகட்டிவ் ஆகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் ஆன்டிபாடிகள் நன்றாகவே தாங்கும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு எடுத்த ரத்தம்தான் சூட்டில் வீணாகும். குழப்பம் வேறு: ஐந்தாம் நாள் எடுத்த ரத்தத்துக்கு ஒன்பதாம் நாள் தேதியில் தாள் வருவது எங்கும் நடப்பது. ரத்தம் எடுத்த தேதி அதே தாளில் சின்ன எழுத்தில் மேல் மூலையில் இருக்கும். இல்லாவிட்டால் சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் இருக்கும். போய்ப் பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், அந்தத் தேதி மாறினால் கதையே தலைகீழாகிறது. ரத்தம் ஐந்தாம் நாள் எடுத்தது என்றால், ஐந்தாம் நாள் நெகட்டிவ், ஏழாம் நாள் இரண்டுங்கெட்டான் என்று ஆகும். ஏறிக்கொண்டிருக்கும் ஐஜிஎம்மின் நடை அது. கிட் வேறு வேறு என்ற எச்சரிக்கையோடு, டெங்குவை நோக்கிச் சாயலாம். உண்மையிலேயே ஒன்பதாம் நாள் எடுத்த ரத்தம் என்றால், பெரும்பாலான டெங்கு நோயாளிகளுக்கு ஐஜிஎம் வந்திருக்க வேண்டிய நாளில் அது வரவில்லை. இரண்டாம் முறை டெங்குவில் சிலருக்கு வராமலே போகலாம் என்ற விலக்கை வைத்துக்கொண்டு, டெங்கு இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன்.

அண்ணன் மகன் விஷயத்தில் உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகத் தெரிகிறது: பையனிடமிருந்து அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டது என்று. அது நடந்திருக்க முடியாது. பையனுக்கு டெங்கு என்பதை நான் நம்புகிறேன். என்எஸ்1 பாசிட்டிவ் பொய்யாக வருவது அபூர்வம். ஆனால் டெங்கு ஆளிலிருந்து ஆளுக்கு நேரே தாவாது. பையனைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருகி அதன் எச்சிலுக்கு வந்து சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அந்தக் கொசு அம்மாவைக் கடித்த பிறகு காய்ச்சல் வர நான்கு முதல் பத்து நாள். குறைந்தபட்சக் கணக்கே ஏறக்குறைய இரண்டு வாரம் வருகிறது. பையன் வந்து இறங்கியது தீபாவளிக்கு முதல் நாள், அம்மாவுக்குக் காய்ச்சல் தீபாவளிக்கு மறுநாள். அம்மாவுக்கு டெங்குவே என்றாலும் அது உங்கள் ஊர்க் கொசு தீபாவளிக்கு முன்பே கொடுத்ததாக இருக்க வேண்டும். பையனைத் திட்டுவதை நிறுத்திவிடலாம்.

டெங்கு பரிசோதனைகளைக் குழப்பும் உறவுக்கார வைரஸ்களும் உண்டு. டெங்குவின் குடும்பத்தில்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் இருக்கிறது. இந்தியாவில் அது முதன்முதலில் 1955இல் வேலூரில் கண்டறியப்பட்டது. உங்கள் பகுதி 2019 வரை சேர்ந்திருந்த பழைய விழுப்புரம் மாவட்டம் அந்த நோய்க்குப் பேர்போன நெல்விளையும் நிலம். வயலில் தேங்கிய நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. பன்றிகளும் கொக்கு நாரைகளும் அந்த வைரஸின் இருப்பிடம். அந்தக் கிருமி பட்டவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது, மற்றவர்கள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாமலே கடந்துபோகிறார்கள். ஆனால் அந்த ஐஜிஜி ரத்தத்தில் தங்கிவிடும், டெங்கு கார்டில் ஐஜிஜி கோடாகவும் தென்படலாம். நாற்பது ஐம்பது வருடம் நாற்று நட்ட ஒரு பெண்ணின் ஐஜிஜி கோடு டெங்குவுடையதா, இதனுடையதா என்று கார்டுக்குத் தெரியாது. பிரித்தறிய உயிருள்ள வைரஸை வைத்துச் செய்யும் நடுநிலையாக்கப் பரிசோதனை ஒன்று உண்டு. அதைச் சில பெரிய ஆய்வகங்களே செய்கின்றன, ஒரு தனி நோயாளிக்காகச் செய்ய மாட்டார்கள். அம்மாவுக்கு நினைவு தடுமாற்றமோ வலிப்போ வந்ததாக நீங்கள் எழுதாததால், மூளைக்காய்ச்சல் இப்போதைய காய்ச்சலுக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சிக்குன்குனியா வேறு குடும்பம். டெங்குவோடு பரிசோதனையில் அவ்வளவாகக் குழம்பாது. மூட்டுகள் வீங்கி எழுந்து நடக்க முடியாமல் போனதாக நீங்கள் எழுதவில்லை என்பதால் அதையும் விடுகிறேன்.

வைரஸே இல்லாத ஒன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகளில் வரும் ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் வரப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்புழு கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சல். மழை விட்டுக் குளிர் தொடங்கும் மாதங்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது கூடுகிறது. குளிர் காய்ச்சல், தலைவலி, தட்டணு இறக்கம் எல்லாம் டெங்குவைப் போலவே இருக்கும். டெங்கு கார்டை எத்தனை முறை போட்டாலும் இது அகப்படாது. தட்டணு குறைந்தாலே டெங்கு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்த பிறகு இந்த நோய் இன்னும் மறைந்துகொண்டது. டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது. இதற்கு உண்டு, விலை குறைந்த டாக்ஸிசைக்ளின். கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் உயிரையும் எடுக்கும். உங்கள் அம்மாவுக்கு ஆறாம் நாள் மாத்திரை, எட்டாம் நாள் காய்ச்சல் இல்லை. பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நானே எதிர்க்கட்சி வக்கீலாகவும் பேசியாக வேண்டும்: டெங்குவும் மாத்திரை இல்லாமலே ஏழெட்டு நாளில் தானாக விடும். மாத்திரை கேட்டதா, நாள் முடிந்ததா என்று நாட்காட்டியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த மாத்திரையை எழுதிய டாக்டர் டெங்கு ரிப்போர்ட்டைப் பார்த்து மயங்கிவிடாதவர் என்று மட்டும் தெரிகிறது. அவரை விட்டுவிடாதீர்கள்.

தெருவில் காய்ச்சலில்லாத மூவருக்கு பாசிட்டிவ் வந்தது ஊரில் பீதியைக் கிளப்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கணக்கால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு பரிசோதனை, நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 5 பேரைத் தவறாக பாசிட்டிவ் என்று சொல்லும் என்று வையுங்கள். அதைக் காய்ச்சல் வார்டில் 1,000 பேருக்குச் செய்கிறோம், அவர்களில் 400 பேருக்கு உண்மையில் டெங்கு. 360 பாசிட்டிவ் சரி, 30 தவறு. பத்தில் ஒன்பதுக்கு மேல் நம்பலாம். அதே பரிசோதனையை நலமாக இருக்கும் 1,000 கிராமத்தாருக்குச் செய்கிறோம், 10 பேருக்குத்தான் உண்மையில் தொற்று. 9 பாசிட்டிவ் சரி, தவறாக வருவது கிட்டத்தட்ட 50. இப்போது ஆறில் ஒன்றுகூட நம்பிக்கைக்குரியதில்லை. கிட் அதேதான், ஆய்வகமும் அதேதான், யாரிடம் ரத்தம் எடுத்தோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் தெருவின் மூவரில் ஓரிருவருக்கு உண்மையிலேயே ஓசைப்படாமல் டெங்கு வந்துபோயிருக்கவும் கூடும். டெங்கு பெரும்பாலானவர்களுக்கு நோயாகவே வெளிப்படுவதில்லை, ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்குவதும் உண்டு. எதுவாக இருந்தாலும் அந்த மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிகளை மூடி வைத்தால் போதும். காய்ச்சல் இல்லாதவரிடம் ஐஜிஎம் எடுக்கும் முகாம்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எண்ணிக்கை காட்டத்தான் அது உதவும்.

இனி என்ன செய்வது? டெங்குவில் ஆபத்துக் காலம் காய்ச்சல் விடும் நேரத்தை ஒட்டிய ஓரிரு நாள். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, அசதியில் கண்ணைத் திறக்க முடியாமல் போவது எல்லாம் அப்போதுதான் வரும். காய்ச்சல் விட்டுப் பதினைந்து நாள் ஆன அம்மாவுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. ஒரு முறை தட்டணு பார்த்து, ஏறியிருந்தால் அதோடு விடலாம். அது ஏறாமலே இருந்தாலோ காய்ச்சல் திரும்பினாலோ வேறு காரணம் தேட வேண்டும். அப்போது மருத்துவரிடம் போக வேண்டும்.

பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது, இப்போதுதான் அதற்குச் சரியான நேரமும். காய்ச்சல் தொடங்கி மூன்று வாரம் கடந்துவிட்டதால், டெங்கு என்றால் ஐஜிஎம் இப்போது தெளிவாக இருக்க வேண்டும். ஏழாம் நாள் எலிசா பார்த்த அதே ஆய்வகத்தில், அதே கிட்டில் மறுபடி பாருங்கள். அன்றைய சீரம் உறைய வைக்கப்பட்டு இன்னும் இருந்தால், பழையதையும் புதியதையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டச் சொல்லுங்கள். கிட் வேறுபாடு, அறைச் சூடு, பிப்பெட் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். வித்தியாசம் தெரிந்தால் அது அம்மாவின் ரத்தத்தில் உள்ள வித்தியாசம். அதே ரத்தத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம்மும் கேளுங்கள். வயல் வேலை செய்பவர்களிடம் அந்த ஐஜிஎம் பழைய தொற்றிலிருந்தும் மாதக்கணக்கில் நீடிக்கும் என்பதால், ஒற்றை பாசிட்டிவை முழுச் சான்றாக எடுக்காமல், பழைய சீரத்தோடு ஒப்பிட்டால்தான் நிறைவு. டெங்கு ஐஜிஎம் இப்போதும் சுத்தமாக நெகட்டிவ், ஸ்க்ரப் டைஃபஸ் பழையதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறது என்று வந்தால் விஷயம் தெளிவு. இரண்டும் மறுபடி நடுவிலேயே நின்றால், வந்த காய்ச்சலுக்குப் பெயர் தெரியாமலே போகும். எங்கள் ஆய்வகத்தில் அப்படி முடிந்தவை ஏராளம். பணம் இடிக்கிறது என்றால் எடுக்காமல் விடுவதால் அம்மாவுக்கு ஒரு தீங்கும் இல்லை. என் அம்மாவாக இருந்தால் எடுப்பேன், அது என் தொழில் புத்தி.

அதற்கு முன்பாகக் காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கிராமத்துப் பெண்களிடம் அதை யாரும் தேடுவதில்லை. மருத்துவர் ஆண், அம்மா கூச்சப்படுவார், வரிசை நீளம். பொருக்கு உதிர்ந்த பின்னும் சில வாரம் அங்கே ஒரு தழும்பு தங்கக்கூடும். உங்கள் மனைவியையோ அக்காவையோ வெளிச்சமான ஓர் இடத்தில் அம்மாவின் உடம்பில் அந்த இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு தழும்பு இருந்தால், அரசு ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த தேதியையும் சேர்த்து மறுபடி எனக்கு எழுதுங்கள்.